செபஸ்தியான் ஒட்டிய எஞ்சின்

போன கிழமை கண்டியில் ஒரு சலவைக் கடையைக் கடந்து போனபோது சிரட்டைக் கரி எரியும் வாசனை வந்தது. கடைக்காரர் தேய்ப்புப் பெட்டியை வாசலில் வைத்து விசிறிக்கொண்டிருந்தார். நான் நின்றுவிட்டேன். உடுப்புக் கொடுக்க வந்தவன் என்று நினைத்து அவர் கையை நீட்டினார். என் கையில் இருந்தது காலைச் சாப்பாட்டுக்கு வாங்கிய பாண் பொட்டலம். அசடு வழிய ஏதோ சொல்லிவிட்டு நடந்தேன். வாசனை மட்டும் கூடவே வந்தது.

சிரட்டைக் கரி என்றால் எனக்கு இரும்புதான் ஞாபகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு மோட்டார் வேலைத்தளத்தில் நானும் செபஸ்தியானும் எஞ்சின் பழுது பார்க்கும் பிட்டர்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். கண்டிக் குளிருக்கு இரண்டு பெனியன் போட்டுக்கொண்டு, குளிரவில்லை என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்த வயது. அவன் மலையில், புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். பனிமூட்டத்தில் வெறும் சட்டையோடு நிற்பான். வேலைத்தளத்துக்குப் பின்னால் ஒரே அறையில் இருந்தோம். ரொட்டி அவன் சுடுவான், சம்பல் நான் இடிப்பேன். மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை. அரம் பிடிக்கும்போது பல்லிடுக்கால் கோயில் பாட்டை விசிலடிப்பான். அந்தச் சத்தத்துக்காகவே எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். இன்றைக்குக் கேட்கக் கிடைத்தால் ஏசமாட்டேன்.

எங்களிடம் வந்துபோகிறவர்களில் ஹனிபா நானா ஒருவர். அலவத்துகொடயில் பலசரக்குக் கடை. கடையில் இருந்தாலும் மனம் வயலில். கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழே, ஓயா என்ற சிற்றாற்றை ஒட்டிக் கொஞ்சம் வயல் வாங்கியிருந்தார். அதை உழுவதற்கென்று ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து இரும்புச் சில்லு வைத்த பழைய டிராக்டர் ஒன்றையும் வாங்கினார். அது முதல் நாளே சேற்றில் அச்சுவரை புதைந்தது. எருமைகளைக் கட்டித்தான் இழுத்தெடுத்தார்கள். எருமைகள் டிராக்டரை இழுப்பதைப் பார்த்து ஊரே சிரித்ததாம். நானாவும் சிரித்திருக்கிறார். பிறகு அதை ஓயாக் கரையில் நிறுத்தி, வார்ப்பட்டி மாட்டி, தண்ணீர் இறைக்கும் பம்புக்கு வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஓயா வற்றி அங்கங்கே குட்டையாக நின்றது. பாதி வளர்ந்த பயிர் மஞ்சளித்து வாடத் தொடங்கிய நேரத்தில் எஞ்சின் வெடித்தது.

நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். உள்ளே பிஸ்டனோடு ஓடும் தண்டு ஒன்று முறிந்து, எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. கை நுழையும் ஓட்டை. அதிலிருந்து ஒரு வெடிப்பு தண்ணீர் ஓடும் அறைவரை மேலேறியிருந்தது. எண்ணெய் கசிந்து மண் கறுத்துக் கிடந்தது. நானா வயலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இதுக்கு இன்னும் உசிர் ஈக்குதா?" என்றார்.

"தண்டு கொழும்பிலை எடுக்கலாம் நானா. பிளாக் சீமையிலை இருந்துதான் வரவேணும்," என்றேன்.

"அது வாரத்துக்குள்ள பயிர் வைக்கோலாகிடும்."

செபஸ்தியான் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவினான். "ஒட்டிப் பாப்போம் மொதலாளி," என்றான்.

பிளாக்கைக் கழற்றி லொறியில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுவந்தோம். எங்கள் முதலாளி ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழைய இரும்பு என்று சொல்லி உள்ளே போனார். வார்ப்பிரும்பு அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் சூடு பட்டால் வேறு பக்கம் வெடிக்கும். அதனால் பின்முற்றத்தில் செங்கல் அடுக்கி, முழு பிளாக்கையும் சிரட்டைக் கரியில் புதைத்துச் சூடேற்றினோம். அது மங்கிய சிவப்பானதும் செபஸ்தியான் ஈரச்சாக்கை நெஞ்சில் கட்டிக்கொண்டு இரும்பை உருக்கும் காஸ் விளக்கோடு குனிந்தான். உடைந்த துண்டுகளை இடத்தில் வைத்து, பழைய பிஸ்டன் வளையங்களை உருக்கி ஊற்றி ஒட்டினான். புருவம் கருகியது. பிறகு சாம்பலால் மூடி ஆறவிட்டோம்.

ஆறிக்கொண்டிருக்கும்போது உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். சாம்பலை விலக்கிப் பார்த்தோம். ஓட்டை நன்றாக மூடியிருந்தது. மேலேயிருந்த வெடிப்போ இன்னும் நீண்டிருந்தது.

செபஸ்தியான் அன்று ரொட்டி சுடவில்லை. "நான்தான் கெடுத்தேன்," என்றான்.

"விடு. மிச்சத்தை ஆணியாலை தைப்பம்," என்றேன்.

வெடிப்பின் நுனியில் ஒரு துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தினோம். பிறகு வெடிப்பு நெடுக, ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும்படி துளைகள் போட்டு, மரை வெட்டிய செம்பு ஆணிகளைத் திருகி, தலையைத் தட்டி நசுக்கினோம். நான் துளைக்க, அவன் திருக, சண்டையில்லாமல் நாங்கள் செய்த ஒரே வேலை அது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது தையல் லேசாக வியர்த்தது. பிறகு அதுவும் நின்றது.

ஓயாக் கரையில் எஞ்சின் மறுபடி ஓடிய அன்று நானாவின் மனைவி வட்டிலப்பம் செய்து அனுப்பியிருந்தார். தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, வெடித்த நிலத்துக்குள் சீறிக்கொண்டு போனது. நானா செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நின்றார்.

எஞ்சினைப் பார்த்துக்கொள்ள ஒருவர் அங்கே தங்க வேண்டியிருந்தது. "நான் இருக்கேன் அண்ணே. அந்தத் தையல நம்ப முடியாது," என்றான் செபஸ்தியான். ஒட்டு பிசகிப்போன மனக்குறை அவனுக்கு இன்னும் போகவில்லை. பம்புக் கொட்டிலில் பாய் போட்டான். நான் கண்டிக்குத் திரும்பினேன்.

பயிர் பிழைத்தது. கதிர் தலை சாய்ந்ததை நானே போய்ப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் மலேரியாக் காய்ச்சல் வந்தது. வற்றிய ஆறுகளின் குட்டைகளில் நுளம்பு பெருகி, கணவாய்க்குக் கீழே ஊர் ஊராகச் சனம் படுத்தது. அறுவடைக்கு ஆள் சொல்லிவைத்த வீடுகளில் எழுந்து தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை. நானா வேலைத்தளத்துக்கு வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"செபஸ்தியான ஆஸ்பத்திரில வுட்டுட்டு வாறன் தம்பி. ஒங்கள கேக்குறான்."

நான் போனபோது நடுங்கிக்கொண்டு கிடந்தான். என்னை அடையாளம் தெரிந்தது. "தையல் ஒழுகல அண்ணே," என்றான். அதற்குப் பிறகு அவன் பேசியதெல்லாம் அவன் அம்மாவோடுதான். அவர் புசல்லாவையிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மகியாவை மயானத்தில் அடக்கம் செய்தோம். நானா மதிலுக்கு வெளியே, மழைத் தூறலில், கடைசிவரை நின்றார். இத்தனை நாள் வராத மழை.

புசல்லாவைக் குளிருக்கு அந்தக் காய்ச்சல் ஏறவில்லை. அவன் ஊரில் அந்த வருஷம் ஒருவருக்கும் அது வரவில்லை என்று அவன் அம்மா சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். முதலாளி சொன்னபடி அந்த பிளாக்கைப் பழைய இரும்பில் போட்டிருந்தால் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். என் கைபட்ட எத்தனையோ எஞ்சின்கள் பிழைத்துப் போய்விட்டன. பிழைக்காமல் போயிருக்கலாமே என்று நான் ஏங்குவது அது ஒன்றுக்குத்தான்.

நெல்லை அறுக்க ஆள் வரவில்லை. கிளிகளும் மழையும் கொண்டுபோயின. நானா அந்த எஞ்சினை அதன் பிறகு முடுக்கவேயில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பழைய இரும்புக்காரர் வந்து உடைத்துக்கொண்டு போனார்கள். நானா வயலையும் விற்றுவிட்டார். இப்போது அந்த இடத்தில் வரிசையாக வீடுகள். ஓயாவுக்குப் போகும் வழியே தெரியவில்லை. நானா இருந்தவரைக்கும் கண்டிக்கு வந்தால் என்னைத் தேடி வருவார். தேநீர் குடிப்போம். "அந்தப் பொடியன் இருந்தா இப்ப பேரன் கண்டிருப்பான்," என்பார். நான் "ஓம் நானா" என்பேன். இப்போது நானாவும் இல்லை. செபஸ்தியான் என்று பெயர் சொன்னால், யார் என்று கேட்காமல் தலையாட்ட இந்த ஊரில் ஒருவரும் இல்லை.