பலூன் ஆட்டத்துக்கு இடைஞ்சலாக இருந்தவர்

தராசு சார் ஓய்வுபெற்ற எடையளவு ஆய்வாளர். முப்பத்திரண்டு வருடம் கடைகடையாக ஏறித் தராசுகளுக்கு முத்திரை குத்தியவர். அவர் தெருவில் நடந்தால் வெங்காயம்கூடச் சரியான எடையில் விழும் என்று ஒரு பேச்சு. வீட்டிலும் அதே நிர்வாகம்தான். மனைவி பெயருக்கு வந்த எந்தப் படிவத்தையும் மனைவி நிரப்பியதில்லை. அந்தச் சிரமத்தை அவர் கொடுத்ததே இல்லை.

எனவே, அல்சைமர் முற்றிய மனைவியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்த அன்று, 'இவருக்குப் பிடித்த பத்துப் பாடல்கள்' என்று கேட்ட தாளையும் நான்கே நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்தார். அடித்தல் திருத்தல் கிடையாது.

இல்லத்தின் ஏற்பாடு எளிமையானது. காலை பத்து மணிக்குக் கீழ்த்தளக் கூடத்தில் வட்டமாக நாற்காலி போட்டு, பாட்டுப் போட்டு, நடுவில் ஒரு பலூனை விடுவார்கள். பாட்டு ஓடும்வரை அது தரையில் விழக்கூடாது. சொந்தப் பெயரை மறந்தவர்கள், சாப்பிட்ட கை காயும்முன் "இன்னும் சோறு போடலையே" என்பவர்கள், எல்லோரும் பலூனைக் கண்டால் கையைத் தூக்கிவிடுவார்கள். மாதக் கடைசியில் டாக்டர் வந்து பார்ப்பார். பத்து நிமிடமாவது ஆட்டத்தில் சேர்ந்தவர்கள் கீழேயே இருக்கலாம். மற்றவர்கள் மேல்மாடிக்கு. மேல்மாடியில் கட்டில் உண்டு, மின்விசிறி உண்டு. போனவர்கள் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்ப்பார்கள். திரும்பி இறங்கியவர் இல்லை.

மூன்று வாரமாகத் தராசு சாரின் மனைவி பிடித்துவைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார். பலூன் மூக்கில் இடித்து மடியில் விழுந்தது, அதையும் கண்டுகொள்ளவில்லை. பக்கத்தில் தராசு சார் தொடையில் தாளம் போட்டு ரசித்துக்கொண்டிருந்தார். கட்டிய மனைவிக்கே அவரை எட்டு மாதமாக அடையாளம் தெரியவில்லை. ஃபியூஸ் போட வந்த கரண்டுக்காரர் என்று எண்ணம்.

"பாட்டு இவங்களுக்குப் பிடிச்சதுதானே சார்?" என்றார் விளையாட்டு டீச்சர்.

"நாப்பத்தோரு வருஷமாக் குடித்தனம் பண்றேன். எனக்குத் தெரியாதாம்மா?"

அன்று மாலை மகளுக்கு ஃபோன் போட்டுப் பட்டியலைப் படித்துக் காட்டினார்.

"அப்பா, இதெல்லாம் உங்க பாட்டு."

"ரெண்டு பேருக்கும் பிடிச்சதுதான்."

"அம்மாவுக்கு இதுல ஒண்ணுகூட ஆகாதுப்பா. அழுமூஞ்சிப் பாட்டு, தலையை வலிக்குதும்பாங்க."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேட்டீங்களா? நீங்க ஆபீசுக்குக் கிளம்பினா போதும், ரேடியோவுல குத்துப்பாட்டுதான். கரண்டியும் கையுமா ஆடுவாங்க. உங்க ஸ்கூட்டர் சத்தம் கேட்டா டப்புனு நிறுத்திருவாங்க."

தராசு சார் ஃபோனை வைத்தார். எட்டு மணிக்குச் சாப்பிட வேண்டியதை எட்டு மணிக்கே சாப்பிட்டார்.

மறுநாள் டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஃப்ளாஸ்க் கழுவப் போனார். திரும்பி வருகையில் கூடத்தில் குத்துப்பாட்டு, ஒரே சிரிப்பு.

"அடிடி, தூங்குமூஞ்சி! கை என்ன வாடகைக்கு வாங்கினதா?"

மனைவியின் குரல். திட்டு வாங்கியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவருக்குக் கோபம் வந்து, அதனாலேயே பலூனை ஓங்கி அடித்தார். மனைவி எழுந்து நின்று இடுப்பை வெட்டிக்கொண்டிருந்தார். இப்படி ஓர் இடுப்பு வீட்டில் இருந்தது ஆய்வாளரின் எந்தப் பதிவிலும் இல்லை.

அவர் உள்ளே காலெடுத்து வைத்தார். அந்த அம்மாள் பார்த்தார். நேராகப் போய்ப் பாட்டுப் பெட்டியை நிறுத்தினார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுக்காரர் வந்துட்டார்" என்று தலைமையாசிரியையிடம் கிசுகிசுத்தார்.

"சார், உங்களைத் தெரிஞ்சிடுச்சு!" டீச்சர் கைதட்டினார். பலூன் தரையில் கிடந்தது.

தொழில் புத்தி போகுமா? தராசு சார் வெளியே போய்ப் பார்த்தார், பாட்டு, ஆட்டம். உள்ளே வந்தார், நின்றது. மூன்று தடவை சோதித்தார். மூன்று தடவையும் முள் ஒரே இடத்தில்தான் நின்றது.

டாக்டர் வந்த அன்று டீச்சர் கூப்பிட்டார். "உள்ள வந்து உக்காருங்க சார். உங்களைப் பாத்தா அவங்களுக்கு ஞாபகம் வருதுன்னு டாக்டர்கிட்ட காட்டலாம்."

"வேண்டாம்மா. ஞாபகம் வந்தா பலூன் விழுந்துடும்."

நடைபாதையில், செருப்பு மாட்டும் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே நாராசமான குத்துப்பாட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். பிறகு டீச்சர் ஓடிவந்தார்.

"பதினெட்டு நிமிஷம் சார்! கீழேயே இருக்கட்டும்னு டாக்டர் சொல்லிட்டார்!"

"பத்தொன்பது" என்றார் அவர்.

முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. அடுத்த பாட்டு ஆரம்பித்தது. கதவுக் கண்ணாடியில் தன் நிழல் விழுவதைக் கவனித்தவர், பெஞ்சை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.