சாமியார் வரைந்த இரண்டாவது பிளான்

எனக்கு நாக்கு நீளம். அரசு அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக முப்பது வருஷம் பிளான் வரைந்தேன்; அடுத்தவர் வரைந்த பிளானில் தப்பு இருந்தால் சிவப்பு மையால் சுழித்தேன். அந்தப் புத்தி என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. வந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர் என் கணவர். அவர் கட்டட மேஸ்திரி.

நான் புவனகிரிப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பெண். அவர் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில் பிறந்தவர். கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள். "ரெண்டு வூட்டயும் சமாளிச்சிட்டேன், இவ பென்சில சமாளிக்க முடியல" என்று ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பார். சிதம்பரத்தில் எங்கள் வீட்டைக் கட்டியபோது சமையலறை ஜன்னலை நான் வரைந்ததைவிட நாலு அங்குலம் தள்ளி வைத்துவிட்டார். அதை இன்னும் சொல்லிக்காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வருஷக் கடைசியில் அவருக்கு இடது வலது குழம்ப ஆரம்பித்தது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கேட் வரை போவார். தெருமுனையில் திரும்ப வேண்டிய பக்கம் தெரியாமல் வண்டியை நிறுத்திவிட்டு நிற்பார். ஒருநாள் வண்டிச் சாவியை அவரே என் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் போக ஆரம்பித்தார். டாக்டர் மாத்திரை எழுதித் தந்து, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். சென்னையில் இருக்கும் மகன் போனில் கறாராகச் சொல்லிவிட்டான். "இந்த வேலையில ஒரு தப்பு நடந்துதுன்னு தெரிஞ்சா போதும்மா, நானே வந்து அப்பாவக் கூட்டிட்டு வந்துடுவேன். அதுக்கப்புறம் கொத்துக் கரண்டியத் தொடக் கூடாது."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கரண்டியைப் பிடுங்கினால் இந்த மனிதர் எத்தனை நாள் தாங்குவார் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டுச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறவர்.

'இந்த வேலை' என்று மகன் சொன்னது அதே ஓ.டி. கோயில் வளாகத்தில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் ஞானோபதேச வகுப்புக்காக ஒரு சின்ன அறை. பிளான் என்னுடையது, கட்டுவது அவர். கோயிலுக்கு அப்போது ஜூபிலி வேறு வந்தது. கோயிலை வடிவமைத்த வெள்ளைக்காரச் சாமியாரைப் பற்றி ஜூபிலி மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லிப் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டிருந்தார். பழைய பிளான் கிடைத்திருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்த ஆள் ஊரில் நான்தானாம். பெருமையாகத்தான் கிளம்பினேன்.

போனதும் முதலில் அறையைப் பார்த்தேன். சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. கதவுக்கு விட்ட இடைவெளி கோயில் பக்கம் இருக்க வேண்டும். அது பள்ளிக்கூடத்துப் பக்கம் இருந்தது. ஜன்னல் வர வேண்டிய பக்கம் கதவு, கதவு வர வேண்டிய பக்கம் ஜன்னல். மார்க்கிங் போடும்போதே முழு அறையையும் இடவலமாகத் திருப்பிவிட்டிருக்கிறார்.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது அவர் டீ குடித்துவிட்டு வந்து, செங்கல் மூலையைத் தடவிக்காட்டினார். "பாத்தியா, மூல மட்டம் எப்படி நிக்குதுன்னு?" உண்மையிலேயே அப்படி ஒரு மூலை. தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தாலும் ஒரு நூல் பிசகாது. "நல்லா நிக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பங்குச் சாமியார் ஒரு தகரக் குழாயையும் ஒரு டைப் அடித்த காகிதத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். காகிதத்தில் அந்தக் கட்டடச் சாமியாரின் வாழ்க்கை ஒரே பக்கத்தில் இருந்தது. பிரான்சில் ஒரு மலைக் கிராமத்தில் கல் உடைக்கிற குடும்பம். வரைபடம் வரையப் படித்துவிட்டு, அப்புறம்தான் குருமடத்தில் சேர்ந்திருக்கிறார். கப்பலில் புதுச்சேரிக்கு வந்தார். பாதிரியார் வேலைக்கு அனுப்பப்பட்டவரைக் கோயில் கோயிலாகக் கட்ட வைத்துவிட்டார்கள். ஒரு கோயிலில் சாரத்திலிருந்து விழுந்து கால் போனது. அதற்கப்புறம் புதுச்சேரியில் கட்டிலில் பலகை போட்டு வரைந்து, ஆள் மூலம் அனுப்புவார். இந்தக் கோயில் அப்படி வந்ததுதான். சுவர் முடிந்து கூரை ஏறும் நேரத்தில் மாட்டுவண்டியில் படுத்தபடி ஒரே ஒரு தடவை வந்து பார்த்திருக்கிறார். அடுத்து இன்னொரு ஊரில் கட்டிய கோயிலுக்கும் இந்தக் கோயிலைக் கட்டிய மேஸ்திரியையே வைத்துக்கொண்டார். சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை.

"கோபுரத்த வடக்கால வெச்சாரு பாருங்கம்மா, அது கடல்ல வர்ற படகுக்காரங்களுக்குத் தெரியணும்னுதான். அத மறக்காம எழுதுங்க" என்றார் பங்குச் சாமியார். தெற்கே வைத்தால் மட்டும் படகுக்குத் தெரியாதா என்று கேட்க வாய் வந்தது. அன்றைக்கு வாயை அடக்கும் நாள் போலிருக்கிறது.

குழாய்க்குள் இரண்டு படங்கள். முதலாவது, மெழுகு பூசினாற்போல இருக்கும் டிரேசிங் துணியில் வரைந்தது. அதில் கோபுரம் தெற்கே இருந்தது. வெயிலை மறைக்கிற தாழ்வாரமும் தெற்கேதான். நிஜக் கோயிலில் இரண்டுமே வடக்கே இருக்கின்றன. திருவிழாவுக்கு வந்தால் தெற்குப் பக்கம் உட்காரும் நாங்கள், பெண்கள், பெரிய பூசை நேரத்தில் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே இருப்போம். யார் தப்பு செய்தாலும் வெயில் பெண்கள் தலையில்தான்.

துணியைத் திருப்பிப் பார்த்தேன். மை போட்ட பக்கம் சுத்தமாக இருந்தது. பின்பக்கம்தான் அழுக்கு. சுண்ணாம்பு விரல் தடங்கள், வியர்வைக் கறை, நாலு மூலையிலும் ஆணி அடித்த ஓட்டை. எனக்குப் புரிந்துவிட்டது. துணியில் கோடு இரண்டு பக்கமும் தெரியும். அந்தக் காலத்து மேஸ்திரி பின்பக்கத்தை முன்னால் வைத்து ஆணி அடித்துவிட்டார். எழுத்தெல்லாம் திரும்பித்தான் தெரிந்திருக்கும். ஆனால் பிரெஞ்சு எழுத்து படிக்கத் தெரியாதவருக்கு அதில் நேர் எது, திரும்பினது எது? கோட்டைப் பார்த்து அட்சரம் பிசகாமல் கட்டியிருக்கிறார். மொத்தமும் இடவலம் மாறி.

இரண்டாவது படம் கெட்டிக் காகிதத்தில். அதே கை. கோபுரம் வடக்கே, தாழ்வாரம் வடக்கே, கோயில் இன்றைக்கு நிற்கிறபடியே. ஆணி ஓட்டை இல்லை, விரல் தடம் இல்லை. அது கட்டடத்துக்குப் போகவே இல்லை. முதல் படத்தில் அளவுகள் எல்லாம் முழுசு முழுசாக இருந்தன. இதில் பின்னங்கள். கட்டி முடித்த சுவரை அளந்து வரைந்தால்தான் அப்படி வரும். ஆனால் கீழே போட்டிருந்த தேதி முதல் படத்தின் தேதிதான்.

நடக்க முடியாத மனுஷன் வண்டியில் வந்து, தன் கோயில் திரும்பி நிற்பதைப் பார்த்திருக்கிறார். இடிக்கச் சொல்லவில்லை. திட்டினாரா, தெரியாது. புதுச்சேரிக்குத் திரும்பிப் போய், மேஸ்திரி கட்டியதுதான் நான் வரைந்தது என்று பொய்த் தேதி போட்டு இன்னொரு படம் வரைந்து வைத்துவிட்டார். நான் அந்தப் பெஞ்சிலேயே அழுதேன். பங்குச் சாமியார், பக்தியில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தார்.

சாயந்திரம் இரண்டு பேரும் ஒன்றாகப் பஸ் ஏறினோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் கதை சொல்வதுபோல அவரிடம் இரண்டு படத்தையும் பற்றிச் சொன்னேன். வேர்க்கடலையைத் தோல் நீக்கி என் கையில் போட்டுக்கொண்டே கேட்டார். "பெரிய மனுஷன்தான்" என்றார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அந்தச் சாமியார் எத்தனை நாள் கட்டிலில் கிடந்து வரைந்தாரோ, எனக்கு இரண்டு தட்டுதான். அறை திரும்பிக்கொண்டது. தேதியை மாற்றவில்லை. பங்குச் சாமியாருக்குப் போன் செய்து, காற்றோட்டத்துக்காகக் கதவை முன்பே பள்ளிக்கூடத்துப் பக்கம் மாற்றிவிட்டதாகவும், சொல்ல மறந்துவிட்டதாகவும் கூசாமல் புளுகினேன். "நீங்க சொன்னா சரிதான்மா" என்றார். மலரில் படகுக்காரர்களைப் பற்றியும் எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மை பிடித்த கைக்கு இதெல்லாம் புதுசு.

பிரிண்ட் எடுத்து, அவர் திரும்பி வந்ததும் அவருடைய பையில் பழைய பிளான் இருந்த இடத்தில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அதை எடுத்து விரித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அந்தச் சாமியாரு ரெண்டாவதா ஒண்ணு வரைஞ்சாருன்னியே. அது அந்த மேஸ்திரிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்காதுங்க. அதுக்குத்தானே பழைய தேதியப் போட்டாரு."

"தெரிஞ்சிருக்கும்" என்றார். "கட்டினவனுக்குத் தெரியாதா."

அவர் பிளானை மடித்து என் பக்கம் தள்ளினார். "திங்கக்கெழம வாசப்படிக்கு மார்க் போடணும். நீயும் வந்துடு. நூல் புடிக்க ஆள் வேணும்."

மகனுக்குப் போன் செய்து, இனிமேல் அப்பா தனியாகப் போக மாட்டார், நானும் கூடப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டான். எனக்கும் பொழுது போகணுமே என்றேன்.

திங்கட்கிழமை நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மறுமுனையை எடுத்துக்கொண்டு அவர் நாலு எட்டு நடந்தார், நின்றுவிட்டார். சித்தாள், கொத்தனார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டார்.

"ஏம்மா, எந்தப் பக்கம்?"

நான் கையைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் நடந்தார்.