அலையாத்திக்கு வெட்டிய முந்திரிக் குழி

இன்று அரியலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஆண்டிமடத்துக்காரர். முந்திரிக்காட்டில் குழி வெட்டுகிற, வேர் தோண்டுகிற வேலை.

"கூலிக்குப் போயி கடற்கரையில எறால் குளத்தைச் சுத்தி அலையாத்திக் கன்னு வச்சோங்க. கரையும் நிக்கும், எறாலும் வளரும்னாங்க குளத்துக்காரங்க."

நல்ல விஷயம்தானே என்றேன்.

"முந்திரிக்கு வெட்டுற மாதிரியே குழி வெட்டிட்டோம். கடல்தண்ணி உள்ளயே நின்னு அத்தனையும் அழுவிப்போச்சு."

முன்பு அங்கே மரமே இல்லையா என்று கேட்டேன்.

"காடாவே இருந்துச்சு. குளம் வெட்டறதுக்காக வேரோட எடுத்தது நாங்கதான். காட்டுக்குப் பின்னால ஒரு மீனவக் குப்பம். சுனாமியில போயிடுச்சு."

பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"மறுபடியும் கன்னு நடக் கூப்புடுறாங்க. எப்படி நடறதுன்னு அந்தக் குப்பத்து ஆளுங்களுக்குத்தான் தெரியும்."

அலையாத்தி நடத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். பிடுங்கத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறோம்.