உப்புத்தாள் தேய்த்த ராடு

அந்த மெக்கானிக் அண்ணனை நினைத்தால், முகத்துக்கு முன்னால் அவருடைய கட்டைவிரல் நகம்தான் ஞாபகம் வருகிறது. மற்ற நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார். அதை மட்டும் வளர விட்டிருந்தார். டிப்பர் லாரியின் பாடியைத் தூக்கும் ராடில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் அந்த நகம் தட்டி நின்றுவிடுமாம். மலையடிவாரத்தில் டிப்பர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவரை எங்கள் ஏரிப் படகுக்கு அழைத்து வந்தது நான்தான்.

கொல்லிமலையில் எங்கள் படகுத்துறைக்கு மோட்டார் படகு ஒன்றே ஒன்று. பெடல் படகில் போகிறவர்கள் நடு ஏரியில் மாட்டிக்கொண்டால் அதுதான் போய்க் காப்பாற்ற வேண்டும். அது ஓடாவிட்டால் மற்ற படகுகளையும் கட்டிப்போட வேண்டியதுதான். ஆடிக் கூட்டம் வரப்போகிற நேரம் பார்த்து, பின்பக்க மோட்டாரை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக்கில் ஆயில் ஒழுகத் தொடங்கியது. தூக்கி நிறுத்திய மோட்டார், நாங்கள் டீ குடித்து வருவதற்குள் தானாக இறங்கிக் கரையோரச் சேற்றில் உட்கார்ந்திருக்கும். அண்ணன் எழுபது வளைவும் பஸ்ஸில் தலைசுற்ற ஏறி வந்து, ஆயில் கசியாமல் ராடைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் சீலை மாற்றினார். அதன்பின் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். வேலையில் சேர்ந்து மூன்றே மாதம். நல்ல பேர் வாங்கும் ஆசை. மோட்டாரைத் தூக்கும் அந்த ராடில் படிந்திருந்த கறையை உப்புத்தாள் வைத்துப் பளபளவென்று தேய்த்துவிட்டேன். எங்கள் வீட்டில் அரிவாள், மண்வெட்டி எல்லாம் அப்படித்தான் தேய்ப்போம். நான்கே நாளில் மறுபடி ஒழுகியது. கீறல் விழுந்த ராடு, ஏறி இறங்கும்போதெல்லாம் புது சீலை அறுத்திருக்கிறது.

அண்ணன் திரும்ப வந்தார். நகத்தை ராடின்மேல் ஓட்டினார், நின்றது. இன்னொரு இடத்தில் ஓட்டினார், அங்கேயும் நின்றது. "இதை என்ன வெச்சுத் தேச்சே?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். அதற்குள் படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்தவர் வந்துவிட்டார்.

"ஏனுங்க, போட்டு ஒரு வாரம் ஆகலீங்க, அதுக்குள்ள ஒழுகுது. டிப்பரும் படகும் ஒண்ணுன்னு நெனச்சுட்டீங்களா?"

எனக்கு முன்னால் இருந்த படகோட்டியை ஒரு துடுப்பு உடைந்ததற்காக வீட்டுக்கு அனுப்பியவர் அவர். அண்ணன் என் பக்கம் திரும்பவேயில்லை.

"என்ற கவனப்பிசகுங்க. ராடை மாத்திப்போட்டா நின்னுருமுங்க."

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. வேற ஆளப் பாத்துக்கறோம்."

அண்ணனுடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை கூடவே போனேன்.

"நான் போயி உண்மையச் சொல்லிப்போடறனுங்கண்ணா."

"சொல்லி? எனக்கு அடிவாரத்துல நாலு டிப்பரு காத்துக்கிட்டு நிக்குது. நீ இதை உட்டுப்போட்டு எங்க போவே? பேசாம இரு சாமி."

சொன்னபடியே பேசாமல் இருந்தேன். அதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

வேறொருவர் வந்தார். அண்ணன் சொன்ன அதே ராடைத்தான் மாற்றினார். ஒழுகல் நின்றது. அந்தப் படகை இன்றும் நான்தான் ஓட்டுகிறேன். இரண்டு முறை நடு ஏரியில் தத்தளித்தவர்களைக் கரைசேர்த்திருக்கிறேன். ஆனால் அந்த ராடு மாற்றி முடிந்த அன்று, படகுத்துறை ஆட்கள் எல்லாரும் நிற்கும்போது, குத்தகைக்காரர் என் தோளைத் தட்டினார்.

"தெரிஞ்ச ஆளு கை வெச்சா எப்படி நிக்குது பாத்தியா? நீ கூட்டியாந்தவனெல்லாம் ஒரு மெக்கானிக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.