சும்மா படிக்கத்தானே போறோம்

2009இல் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் கணினிக்கூடத்தில் வேலை பார்த்தேன். கடலூரிலிருந்து தினமும் பஸ். நெட்வொர்க்கில் எத்தனை பைட் போய்வருகிறது என்று இயங்குதளம் எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணும் பகுதியைத் திருத்தி, எண்ணைத் திரையில் காட்டும் புரோகிராமையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். எண் மிகப் பெரியது. எங்கள் பழைய கணினி அதை இரண்டு பாதியாகத்தான் எழுதும், படிக்கும். எழுதும்போதே படித்துவிட்டால் ஒரு பாதி புதிது, மறுபாதி பழையது.

துறைத்தலைவரிடம் வழி சொன்னேன். எழுதத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் தனியாக ஒரு வரிசை எண் பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏறட்டும்; ஒற்றைப்படை என்றால் எழுதி முடியவில்லை என்று அர்த்தம். படிக்கும்முன் அது ஒற்றைப்படையாக இருந்தாலோ, படித்தபின் மாறியிருந்தாலோ மறுபடி படிப்போம் என்றேன்.

"இன்னாம்மா, நாம சும்மா படிக்கத்தானே போறோம்? அதுக்கு இவ்ளோ ஜாஸ்தி கோடு எதுக்கு?"

எண் குறைந்தால் முந்தைய எண்ணையே காட்டும்படி ஒரு வரியை அவரே சேர்த்தார். இத்தனை வருஷம் பாடம் நடத்திச் சேர்த்த அறிவு அவ்வளவுதான்.

ஆய்வுக்குழு வந்த அன்று, புதுப் பாதியும் பழைய பாதியும் சேர்ந்து படிக்கப்பட்டு, எண் திடீரென்று நானூறு கோடிக்கு மேல் தாவியது. அடுத்து வந்த சரியான எண்களெல்லாம் அதைவிடச் சிறியவை; அவருடைய வரி எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. எண் அப்படியே நின்றது.

"நம்ம நெட்வொர்க் அவ்ளோ பிஸிங்க" என்று இளித்தார். குழுவிலிருந்த பெரிய மனிதர்கள் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் அவர் வரியை அழித்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். எண் ஒழுங்காக ஓடியது. எட்டிப் பார்த்தவர், "பாத்தியா, நான் சொன்ன மாதிரி செஞ்சா சரியா வருது" என்றார்.