சந்தியில் வைத்த ஜப்பான் பீங்கான்

அக்கா செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, படையலைச் சந்திக்குக் கொண்டுபோகும் வேலை எனக்கு வந்தது. செத்த ஆளுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, அதில் ஒரு பங்கைப் பனையோலைப் பெட்டியில் எடுத்துப்போய், இருள்கிற மைம்மல் பொழுதில் முச்சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும். செத்தவீட்டிலும் பகிடி விட்டுச் சிரிக்கவைக்கிறவன் என்பதால் என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிட்டார்கள். பயத்தில்தான் நான் பகிடி விடுகிறேன் என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். துணைக்கு ஒரு கத்தியும் தந்தார்கள். பேய் வந்தால் கத்தியை அதனிடமே கொடுத்துவிட்டு ஓடுவதாக இருந்தேன்.

சந்தியில் பெட்டியை இறக்கி, மூடியிருந்த வாழையிலையை விலக்கினேன். சோற்றுக்கு அடியில் அக்காவின் ஜப்பான் பீங்கான் தட்டு. அத்தான் கப்பலில் வேலை செய்த காலத்தில் சட்டைகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்தது. விளிம்பில் செவ்வந்திப் பூவும் தினைக்கதிரும், நடுவில் இரண்டு காடைகளும். மேலே தீட்டிய சிவப்பும் பச்சையும் விரலுக்குத் தட்டுப்படும். கண்ணாடி அலுமாரியை விட்டு இறங்காத அந்தப் பீங்கானில்தான், கடைசி மாதம் அத்தான் அக்காவுக்குச் சோறு குழைத்து வாயில் தீத்தினார்.

யாரோ அவசரத்தில் மாறி வைத்துவிட்டார்கள், இது போனால் அத்தான் தாங்கமாட்டார் என்று நினைத்தேன். என் நெஞ்சு இடித்த சத்தத்துக்கு, ரயில் வருகிறதென்று கொக்குவில் கடவைக்காரர் கேற்றைப் பூட்டியிருப்பார். சோற்றை இலையில் கவிழ்த்துவிட்டு, பீங்கானை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு ஓடிவந்தேன். பின்னாலும் பார்க்கவில்லை, முன்னாலும் பார்க்கவில்லை.

அத்தான் கிணற்றடியில் இருந்தார்.

"நல்ல காலம் அத்தான், இதை நாய் உருட்டி உடைச்சிருக்கும்," என்று நீட்டினேன்.

அவர் கை நீட்டவில்லை. "நான்தான்ரா வைச்சனான்."

"அங்கை விட்டிட்டு வரவோ?"

"அவள் உதிலைதானே சாப்பிட்டவள். இப்ப எதிலை சாப்பிடுவாள்?"

பகிடி ஒன்று தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

குசினிக்குப் போய் மனைவியிடம் பீங்கானைக் கொடுத்தேன்.

"இப்பவே பசிச்சிட்டுதோ?"

"எனக்கில்லை."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோறு போட்டாள். முதலில் ஒரு காடை மறைந்தது, பிறகு மற்றது. மேலே கத்தரிக்காய்க் குழம்பு விட்டாள்.

"கொஞ்சம் கூடப் போடும்," என்றேன்.

வாசல் படலையடியில் அத்தான் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார். "நானும் வாறன்," என்றார். பீங்கானை என்னிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கி, குழம்பு சிந்தாமல் மெல்ல முன்னால் நடந்தார்.