வாப்பாவின் காலில் வைத்த குழாய்

முதலில் அது நோயாகவே தெரியவில்லை. மாஹிம் ஸ்டேஷனுக்கு நடந்துபோகும் வழியில் வாப்பா நின்று நின்று கடைகளைப் பார்க்க ஆரம்பித்தார். பாத்திரக் கடை, பூட்டுக் கடை, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை. எதையும் வாங்க மாட்டார். கொஞ்சம் நின்றுவிட்டு மறுபடி நடப்பார். ஒருநாள் நானும் கூடப் போனேன். பூட்டியிருந்த கடை ஒன்றின் ஷட்டரையும் அதே கவனத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் கேட்டேன்.

“கெண்டக்கால்ல கவ்விப் பிடிக்கி. நின்னா விட்டுருது,” என்றார். “வயசாவுதுல்லா.”

நடந்தால் வலி, நின்றால் நிம்மதி. உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் கடை பார்க்கத் தொடங்கினால் அதை வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி (இதயத்திலிருந்து புறப்படும் ரத்தநாளம்) அடைபடத் தொடங்கியிருக்கலாம்.

வாப்பாவுக்குத் தாராவியில் தோல் பட்டறை. மணிபர்ஸ், பெல்ட், ஆபீஸ் பை செய்வார்கள். சர்க்கரை நோய் இருந்தது, சிகரெட் பழக்கமும் இருந்தது. நான் மாட்டுங்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். எங்கள் வேலையே செயற்கை ரத்தநாளம் செய்வதுதான். வீட்டு நோயும் என் வேலையும் இப்படிப் பொருந்தும் என்று நினைத்ததில்லை. பொருந்தியதால் ஒரு பயனும் விளையவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நம்பிக்கை தேடிப் படிப்பவர்கள் ஏமாற வேண்டாம்.

ஆஞ்சியோகிராம் (தமனிக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்தார்கள். இடது தொடையில் கனமாக இறங்கி வந்த கோடு முழங்காலுக்குச் சற்று மேலே நின்றுபோயிருந்தது. முழங்காலைத் தாண்டி, மயிரிழையாக, மறுபடி தொடங்கியது. நடுவில் ஒன்றுமில்லை. அதற்குள் பெருவிரல் நுனி கறுக்கத் தொடங்கியிருந்தது.

அடைப்பைச் சுற்றி மாற்றுப் பாதை போட வேண்டும் என்றார் சர்ஜன். வழக்கமாக நோயாளியின் சிரையையே (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளம்) எடுத்துத் தைப்பார்கள். வாப்பாவின் சிரைகள் வருடக்கணக்காகப் புடைத்துச் சுருண்டு கிடந்தன. உதவாது. எனவே டெஃப்லான் குழாய்.

சர்ஜன் சொல்வதற்கு முன்பே அந்தக் குழாயின் குறை எனக்குத் தெரியும். நம் ரத்தநாளங்களின் உட்புறம் முழுவதும் உயிருள்ள செல்கள் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கின்றன. அதன் பெயர் எண்டோதீலியம். ரத்தம் உறையாமல் ஓடுவது அந்த அடுக்கின் தயவால்தான். செயற்கைக் குழாய்க்குள் அது இல்லை. ரத்தம் வேகமாக ஓடும் பெரிய நாளங்களில் சமாளித்துக்கொள்ளலாம். முழங்காலுக்குக் கீழே, மெல்லிய நாளத்தில், வெறும் சுவர் எப்போது வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளும்.

அந்த அடுக்கைக் குழாய்க்குள் வளர்க்க முடியுமா என்பதுதான் எங்கள் ஆய்வு. மூடப்பட்ட மில் ஒன்றிலிருந்து வாங்கிய நாடா பின்னும் இயந்திரத்தில் பாலியஸ்டர் குழாய் பின்னுவோம். பிரசவ வார்டிலிருந்து வரும் தொப்புள்கொடிகளிலிருந்து செல்களைப் பிரித்து உள்ளே விதைப்போம். சுவர் வழவழப்பாக இருந்தால் செல்களுக்குப் பிடி கிடைக்காது. சொரசொரப்பாக இருந்தால், செல்கள் மூடாத இடத்தில் ரத்தம் உறையும்.

மாதிரித் துண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து வாப்பாவிடம் இதை விளக்கினேன். விரலை உள்ளே விட்டுப் பார்த்தார்.

“வழவழன்னும் இருக்கப்படாது, சொரசொரன்னும் இருக்கப்படாது. உங்க உம்மாக்கு மாப்பிள்ள பாத்த கதயால்லா இருக்கு.”

“அப்புறம் எப்படி ஒங்களப் புடிச்சாங்களாம்?” என்றார் உம்மா அடுப்படியிலிருந்து.

“பாத்தியா, ஒட்டிக்கிட்டாளே! ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல்லு.” பிறகு குரலைத் தணித்து, “இதத்தான் எனக்கு வைப்பாங்களா மவளே?” என்று கேட்டார்.

இல்லை, இது இன்னும் ஆளுக்கு வைக்கும் நிலைக்கு வரவில்லை என்றேன். உங்களுக்கு வைப்பது உள்ளே எதுவும் இல்லாத குழாய் என்று நான் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. மாலையில் பாதத்தைத் தொட்டபோது சூடாக இருந்தது. அந்தச் சூட்டை என் உள்ளங்கை இன்னும் மறக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது சர்ஜன் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். குழாய் முழங்காலைத் தாண்டிப் போகிறது, மடக்கினால் அதுவும் மடங்கும், அதனால் முழங்காலை மடக்கவே கூடாது.

“குட்னா மத் மோட்னா, சாச்சா.”

“நமாஸ்?” என்று தொழுகையைக் கேட்டார் வாப்பா.

“குர்சீ பே.”

“காம்?” என்று வேலையைக் கேட்டார்.

“குர்சீ பே.”

“மர்னா பீ குர்சீ பே க்யா, டாக்டர் சாப்?” சாவதும் நாற்காலியில்தானா என்று கேட்டார். சர்ஜனே சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் எங்கே எல்லாம் கால் மடங்கும் என்று யோசித்து ஒவ்வொன்றாக மாற்றினோம். பட்டறையில் தரையில் உட்கார்ந்து தோல் வெட்டுவதற்குப் பதில் உயரமான மேசை. கக்கூசில் நடுவில் துளை போட்ட ஸ்டூல். சாப்பிட மடக்கு மேசை. பள்ளிவாசலில் வரிசையின் ஓரமாக ஒரு நாற்காலி. சிகரெட் நின்றது. பெருவிரல் புண் ஆறிக்கொண்டு வந்தது. ஒருநாள் மாஹிம் வரை எந்தக் கடையையும் பார்க்காமல் நடந்தார். வீட்டுக்கு வந்து அதை ஊரை ஜெயித்தவர் போலச் சொன்னார்.

வாப்பாவின் பட்டறையில் மூத்த காரிகர் (கைவினைஞர்) காசிம். அவருடைய மகளுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தார் கல்யாணத்தில் சகன் சாப்பாடு போடுவார்கள். பெரிய தாம்பாளத்தில் சோறும் கறியும் கொட்டி, விரிப்பில் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. நாற்காலியில் இருப்பவருக்கு அதில் இடமில்லை. நால்வரும் முடிக்கும் முன் ஒருவர் எழுந்தால் மரியாதையும் இல்லை.

உம்மாவும் நானும் பெண்கள் பக்கத்தில் இருந்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் மூவர் உட்கார்ந்துவிட்டார்கள். நான்காவது ஆளாகப் பெண் வீட்டின் சார்பில் வாப்பா உட்கார வேண்டும் என்று காசிம் விரும்பினார். முதலாளி கூட உட்கார்ந்தால் அவருக்குப் பெருமை. வாப்பாவுக்குக் கால் நினைவில்லாமல் இல்லை. ஒரு வேளைச் சாப்பாடுதானே என்று உட்கார்ந்தார். அவர்கள் பேசிப் பேசிச் சாப்பிட்டார்கள். கால் மரத்துப்போனது தெரிந்தும் எழாமல் இருந்திருக்கிறார்.

மறுநாள் காலை பாதம் மெழுகு போல் வெளுத்திருந்தது. தொட்டேன். தரையும் அதுவும் ஒரே குளிர்ச்சி.

குழாய்க்குள் ரத்தம் உறைந்துவிட்டது. அவசரமாகத் திறந்து, சிறு பலூன் கட்டிய கம்பியை உள்ளே விட்டு உறைவை இழுத்து எடுத்தார்கள். பாதம் சிவந்தது. அன்று சாயங்காலமே மறுபடி வெளுத்தது. அதற்கு மேல் பாதை போட இடமில்லை, காலை எடுத்துவிட வேண்டும் என்றார் சர்ஜன்.

மடக்கி உட்கார்ந்ததால்தானா என்று கேட்டேன். “அப்படித்தான் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “அந்த மாதிரிக் குழாய் ஒரு காரணத்துக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் அந்தத் துறையில்தானே இருக்கிறீர்கள்?”

வார்டு வாசலில் காசிம் நின்றிருந்தார். உள்ளே வர மறுத்தார். நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். கட்டிலருகே நின்று அழுதார்.

“நாந்தான மொதலாளி ஒங்கள உக்காத்தி வச்சேன். மூணு பேரோட விட்டிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்?”

“ஏலே, நிறுத்துலே. ஆஸ்பத்திரில எல்லாரும் பாக்கான்,” என்றார் வாப்பா. “ஒன் வீட்டு பிரியாணி நல்லா இருந்துச்சு. கறி மட்டும் கொஞ்சம் வெந்திருக்கலாம். ஒரு காலக் குடுத்தவன் இதக்கூடச் சொல்லப்படாதா?”

காசிம் சிரிக்க முயன்றார். முடியவில்லை. அவர் போன பிறகு வாப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உணவு நேரம் வந்தபோதும் திரும்பவில்லை.

தொடையின் நடுவில் எடுத்தார்கள். சம்மதக் கையெழுத்து நான் போட்டேன்.

இதற்குப் பிறகு வருபவற்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இல்லாத பாதம் வலிக்கும். இல்லாத பெருவிரல் அரிக்கும். வருகிறவர்கள் எல்லோரும் மிச்சமிருப்பதற்கு நன்றி சொல்லச் சொல்வார்கள். வாப்பா தலையாட்டுவார். பட்டறைக்குப் போவதில்லை. உம்மா பேச்சுக்குப் பேச்சு அவரை வம்புக்கு இழுத்துப் பார்க்கிறார். பதில் வருவதில்லை.

நான் வேலைக்குப் போகிறேன். சென்ற மாதம் எங்கள் குழாய் ஒன்றில் செல்கள் முழுமையாகப் படர்ந்திருந்தன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, தெருவில் பாவிய கற்கள் போல, இடைவெளியே இல்லை. அசையாத திரவத்தில் அவை அழகாக இருந்தன. பம்பை ஓட்டி, ரத்தம் ஓடும் வேகத்தில் திரவத்தை விட்டதும் உரிந்து போய்விட்டன. மறுநாள் வேறு நெருக்கத்தில் பின்னத் தொடங்கினோம். என்றைக்காவது ஒட்டும். அன்றைக்கு யாருடைய கால் பிழைக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த நினைப்பு ஆறுதல் தருகிறதா என்று சிலர் கேட்கிறார்கள். தரவில்லை.

இப்போதெல்லாம் ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கால்களைப் பார்க்கிறேன். ஒற்றை அடுக்குச் செல்லின் மேல் இத்தனை பேர் நடந்துகொண்டிருக்கிறார்கள். அடுத்த வருஷம், அடுத்த பெருநாள் என்று யாராவது பேசினால் அந்தச் சொற்கள் எனக்கு அந்நியமாகக் கேட்கின்றன. எனக்கு ஒரு நாள் என்பது அன்று காலையில் கிடைப்பது.

வலது காலிலும் அடைப்பு தொடங்கிவிட்டது. பாதத்தின் மேல்புறத்தில் நாடி பார்க்க வார்டு சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். தினமும் காலையில் இரண்டு விரல்களை வைக்கிறேன். மெலிந்த நாடியைத் தேடி அழுத்தும்போது நம் விரல்நுனியின் துடிப்பே நமக்குத் தெரியும், அதை நோயாளியுடையது என்று எண்ணி ஏமாறுவது சகஜம் என்றும் சொல்லியிருந்தார். அதனால் மறு கையால் என் கழுத்தைத் தொட்டுக்கொள்வேன். இரண்டு துடிப்பும் வேறு வேறு வேகத்தில் போனால் விரலுக்குக் கீழே இருப்பது வாப்பாவுடையது. ஒன்றாகவே போனால் என்னுடையது.

“இருக்கா?” என்பார் வாப்பா, கூரையைப் பார்த்தபடி.

“பொறுங்க வாப்பா.”

சில நாள் காலையில் இரண்டு துடிப்பும் வெகுநேரம் ஒன்றாகவே போகின்றன.